வீட்டுக் கடனின் தவணைக் காலத்தைத் தெரிவிக்காமல் நீட்டியது குறித்த புகார்

மதுரை,
21.04.2025

அனுப்புநர்:
வீட்டுக் கடன் வாடிக்கையாளர்
(பெயர், முகவரி, கடன் கணக்கு எண் இணைப்பில்)

பெறுநர்:
முதன்மைக் குறைதீர்ப்பு அலுவலர்,
வங்கியின் தலைமை அலுவலகம்

பொருள்: 240 தவணைகளுக்கு ஒப்புதல் பெற்ற வீட்டுக் கடனை, எழுத்து மூலம் தெரிவிக்காமலும் என் விருப்பத்தைக் கேட்காமலும் நீட்டித்தது – திருத்தம் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

2021 அக்டோபரில் தங்கள் வங்கியின் மதுரைக் கிளை ஒன்றில் 30 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன் பெற்றேன். ரிசர்வ் வங்கி பிற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியாகிய ரெப்போ விகிதத்துக்கு மேல் 2.75 விழுக்காடு என்ற கணக்கில் அன்றைய வட்டி 6.75 விழுக்காடு, மாதத் தவணை 22,811 ரூபாய். அப்போது எனக்கு வயது 38. நான் 25 ஆண்டுகள் கேட்டேன். 58 வயதுக்குள் கடன் முடிந்தாக வேண்டும், அதற்குமேல் வருமானத்துக்கு என்ன உறுதி என்று கேட்டுக் கடன் பிரிவு அதிகாரி 20 ஆண்டுகளுக்குத்தான் ஒப்புதல் தந்தார். அவருடைய கண்டிப்பு அன்று எனக்குச் சரியாகவே பட்டது. அதன்பின் சென்ற மாதம்வரை 41 தவணைகள் கட்டியிருக்கிறேன், ஒன்றுகூடத் தவறியதில்லை.

வருமான வரிக் கணக்குக்காக இம்மாத முதல் வாரத்தில் கிளைக்குச் சென்று வட்டிச் சான்றிதழ் வாங்கினேன். 2024-25 நிதியாண்டில் நான் கட்டியது 2,73,732 ரூபாய். அதில் வட்டி 2,70,865 ரூபாய், அசல் 2,867 ரூபாய் என்று அச்சாகியிருந்தது. ஓர் இலக்கம் விடுபட்டிருக்கும் என்று நினைத்துக் கவுண்டரில் திருத்தித் தரும்படி கேட்டேன். பிழை எதுவும் இல்லை என்று சொல்லிக் கடன் கணக்கு அறிக்கையை முழுவதுமாக எடுத்துக் கொடுத்தார்கள். முதல் தவணையில் 5,936 ரூபாய் அசலில் கழிந்திருக்கிறது. 2023 ஏப்ரல் தவணையில் அதே 22,811 ரூபாயில் 22,602 வட்டிக்குப் போய், அசலில் கழிந்தது வெறும் 209 ரூபாய். அந்த வரிக்கு நேரே மீதித் தவணைகள் 612 என்று இருக்கிறது, அதாவது 51 ஆண்டுகள். அந்த மாதம் தொடங்கி 24 மாதங்களில் நான் கட்டிய 5,47,464 ரூபாயில் கடன் குறைந்தது 5,482 ரூபாய் மட்டுமே.

வட்டி உயர்ந்ததைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. மாறும் வட்டி என்று தெரிந்துதான் கையெழுத்திட்டேன். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4 விழுக்காட்டிலிருந்து 6.5 விழுக்காடாக உயர்த்தியதும், அதனால் என் வட்டி 9.25 விழுக்காட்டைத் தொட்டதும் ஒப்பந்தப்படி நடந்தவையே. ஆனால் தவணைத் தொகையைத் தொடாமல் காலத்தை மட்டும் நீட்டுவது என்ற முடிவை எனக்காக எடுத்தது யார் என்பதுதான் என் கேள்வி. மாதாமாதம் அதே தொகை கணக்கிலிருந்து போய்க்கொண்டிருந்ததால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்றே இருந்துவிட்டேன்.

வட்டி மாறும்போது அதன் விளைவைக் கடன்தாரருக்குத் தெரிவித்து, தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் சேர்த்துச் செய்வதா, ஒரு பகுதியை முன்கூட்டியே செலுத்துவதா என்று தேர்ந்தெடுக்க வாய்ப்பளிக்க வேண்டும் என ரிசர்வ் வங்கி 18.08.2023 அன்று சுற்றறிக்கை வெளியிட்டது. பழைய கடன்களுக்கும் 31.12.2023க்குள் இதை நடைமுறைப்படுத்தச் சொன்னது. வட்டி விகிதத்தையும் மீதித் தவணைகளையும் காட்டும் அறிக்கையைக் காலாண்டுக்கு ஒருமுறை தரவேண்டும் என்பதும் அதில் உண்டு. எனக்கு இன்றுவரை ஒரு கடிதமோ மின்னஞ்சலோ வரவில்லை. என் கைப்பேசி எண் வங்கியிடம் இல்லாமலும் இல்லை. இம்மாதம் வட்டி 9 விழுக்காடாகக் குறைந்ததும் வாழ்த்துச் சொல்வதுபோல் ஒரு குறுஞ்செய்தி அதே எண்ணுக்குத்தான் வந்தது. நான்கு முறை உயர்ந்தபோது வராத செய்தி அது.

கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதையும் கணக்கோடு சொல்கிறேன். 2023 மார்ச்சில் தங்கள் கிளையிலேயே 3 லட்சம் ரூபாயை 6.8 விழுக்காட்டு வட்டிக்கு வைப்புநிதியாகப் போட்டேன். அந்தப் பணத்தை ஏப்ரலில் கடனில் கட்டியிருந்தால், தவணையை ஒரு ரூபாய்கூட உயர்த்தாமலே மீதித் தவணைகள் 612இலிருந்து 287ஆக இறங்கியிருக்கும். ஒரே கிளையில் 9.25 விழுக்காட்டுக்குக் கடனும் 6.8 விழுக்காட்டுக்கு வைப்பும் வைத்திருந்தவனிடம், இரண்டு கணக்குகளையும் பார்க்கக்கூடிய யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கிளையில் விளக்கம் கேட்டபோது, காலத்தை நீட்டுவதால் தவணை அந்த மாத வட்டிக்கே போதாமல் கடன் வளர்ந்துவிடக் கூடாது என்பதே விதி, தங்கள் கணக்கில் 209 ரூபாய் அசலில் கழிந்ததால் விதிமீறல் இல்லை என்று கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டி அதிகாரி சொன்னார். வாடிக்கையாளரைக் கேட்க வேண்டும் என்ற விதிக்கு அது பதிலாகாது. வட்டி குறைந்த பிறகும் அதே திரையில் மீதித் தவணைகள் 439 என்றுதான் இருந்தது. 58 வயதைத் தாண்டக் கூடாது என்ற வங்கியின் கணினி, இன்று என்னை 78 வயதுவரை கட்டச் சொல்கிறது.

எனவே, மூல ஒப்பந்தப்படி எஞ்சியிருக்க வேண்டிய 199 தவணைகளுக்கே என் கடனைத் திரும்பக் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்காக அந்த 3 லட்சம் ரூபாயை இப்போதே செலுத்தவும், 9 விழுக்காட்டு வட்டியில் ஏறத்தாழ 25,450 ரூபாயாக உயரும் தவணையைக் கட்டவும் சம்மதிக்கிறேன். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைக்கக் கட்டணம் கூடாது என்பது தாங்கள் அறிந்ததே. வைப்புநிதியை முறிப்பதற்கான வட்டிப் பிடித்தத்தையும் இந்தச் சூழலில் தள்ளுபடி செய்ய வேண்டும். 01.01.2024 முதல் 31.03.2025 வரையிலான 15 மாதங்களுக்கு, அந்த 3 லட்சத்தின் மீது 2.45 விழுக்காட்டு வட்டி வேறுபாடாகிய 9,188 ரூபாயைக் கடன் கணக்கில் வரவு வைக்கக் கோருகிறேன். கூட்டு வட்டியைச் சேர்க்காமல் குறைத்தே கணக்கிட்டிருக்கிறேன். ஒவ்வொரு வட்டி மாற்றத்தின்போதும் எந்தத் தேதியில், எந்த முகவரிக்கு, எந்த வழியில் எனக்குத் தகவல் அனுப்பப்பட்டது என்பதற்கான பதிவின் நகலும் வேண்டும். அப்படி எதுவும் அனுப்பப்படவில்லை என்றால் அதையே எழுத்தில் தரலாம்.

இக்கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, பதில் ஏற்கும்படி இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் 2021ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தின்கீழ் இதே ஆவணங்களோடு முறையிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: கடன் ஒப்புதல் கடிதம், கடன் கணக்கு அறிக்கை, 2024-25 வட்டிச் சான்றிதழ், வைப்புநிதி ரசீது ஆகியவற்றின் நகல்கள்.