பெட்டியடியில் உட்கார்ந்து படிப்பதுபோல

காரைக்குடி,
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சிநேகிதிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்கு முட்டிவலி, இரண்டாங்கட்டில் ஓடு மாற்றும் வேலை என்று நாள் ஓடியே போயிற்று. காலையிலிருந்து மழை விடவில்லை. வளவில் தூணோரமாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்த வயதில் சேல்ஸ்ஃபோர்ஸ் எல்லாம் நமக்கு ஏறுமா, அதில் பாடம் முடித்தால் தரும் பேட்ஜை வாங்கினால் வேலை கிடைக்குமா என்று கேட்டிருந்தாய். ஏறும். வேலை விஷயம் அவ்வளவு சுலபமாகச் சொல்லக்கூடியது இல்லை, பிறகு வருகிறேன்.

சேல்ஸ்ஃபோர்ஸ் 1999-ல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கிய கம்பெனி. வாடிக்கையாளர் யார், என்ன கேட்டார், நம் பக்கம் யார் பேசியது, ஆர்டர் எந்த மட்டில் நிற்கிறது என்பதையெல்லாம் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளும் மென்பொருள். அதைக் கற்றுக்கொடுக்க 2014-ல் டிரெயில்ஹெட் என்று ஒன்றைத் திறந்தார்கள். காசு கிடையாது, ஈமெயில் இருந்தால் போதும். தமிழில் பாடம் இல்லை, ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டும், ஆனால் நம் பத்தாம் வகுப்பு ஆங்கிலத்துக்கு எட்டாத ஆங்கிலம் இல்லை.

பாடத்தின் முடிவில் சிலவற்றில் கேள்வி-பதில் வரும். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, பாதி ஊகத்திலேயே போட்டுவிடலாம். கையால் செய்து காட்டச் சொல்லும் பாடம் அப்படியில்லை. பிளேகிரவுண்ட் என்று நமக்கே நமக்காக ஒரு சேல்ஸ்ஃபோர்ஸைக் கொடுத்துவிடுவார்கள். இன்ன பெயரில் ஒரு ஆப்ஜெக்ட் (பதிவுகளை வைக்கும் அட்டவணை மாதிரி) செய், அதில் இன்ன ஃபீல்டு (விவரம் நிரப்பும் கட்டம்) வை, இந்தத் தேதி காலியாக இருந்தால் சேமிக்க விடாதே என்பார்கள். செய்து முடித்துப் பொத்தானை அழுத்தினால் அதுவே உள்ளே போய்ப் பார்க்கும். சரியாக இருந்தால் 500 புள்ளி.

எங்கள் ஐயா, கடையில் பணப்பெட்டியருகே உட்கார்ந்து வேலை பழகும் பெட்டியடிப் பையனாகப் பர்மாவுக்குப் போனவர் என்று உனக்குத் தெரியும். யாரும் அவருக்குப் பேரேட்டைப் பாடமாக நடத்தவில்லை. பெட்டியடியில் உட்கார்ந்து, சிட்டையைப் பார்த்து எழுதி, கூட்டுத்தொகை உதைத்தால் மறுபடி கூட்டி, அப்படித்தான் அடுத்தாள் ஆனார், அப்புறம் மேலாள். ராத்திரி லேப்டாப்பைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான்.

ஒரு பாடத்தில் இரண்டு ராத்திரி மாட்டிக்கொண்டேன். நீ சொன்ன ஆப்ஜெக்டே இல்லை என்று சிவப்பு எழுத்தில் வந்துகொண்டே இருந்தது. எனக்கோ அது கண்ணெதிரே தெரிகிறது. எழுத்து எழுத்தாகப் பெயரைச் சரிபார்த்தேன், அழித்துவிட்டு மறுபடி செய்தேன், ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் விடிகாலையில்தான் பிடிபட்டது. என்னிடம் இரண்டு பிளேகிரவுண்ட் இருந்தன. வேலை செய்தது ஒன்றில், சரிபார்க்கக் கொடுத்தது இன்னொன்றில். கீழே இருந்த பட்டியலில் மாற்றித் தேர்ந்தெடுத்ததும் ஒரே அழுத்தில் பச்சை. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல!

பாடம் கேட்டதைச் செய்ததோடு நிறுத்தாமல், நம் ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறைக்கு ஏற்ற மாதிரி ஒன்றை நானே கட்டினேன். (பிளேகிரவுண்ட் பழகுவதற்குத்தான். அதனால் பட்டறையின் உண்மையான வாடிக்கையாளர் பெயரோ நம்பரோ எதையும் அதில் ஏற்றவில்லை. பட்டறைக் கணக்கு இன்னும் நோட்டில்தான் ஓடுகிறது.) கல் கேட்டு வருகிறவர்கள் அறையின் அளவைத்தான் சொல்வார்கள், எத்தனை கல் என்று நாம்தான் கணக்குப் போட வேண்டும். நீளமும் அகலமும் கொடுத்தால் எண்ணிக்கை தானே வரும்படி ஃபார்முலா ஃபீல்டு வைத்தேன். 12-க்கு 13 அடி அறை என்றால் எட்டு அங்குலக் கல் 351. பத்து அங்குலத்துக்கு 224.64 என்று காட்டியது. அரைகுறைக் கல்லை யார் வார்ப்பது? சீலிங் என்று ஒரு சொல்லைச் சேர்த்ததும் 225 ஆகிவிட்டது. வெட்டுக்கும் உடைசலுக்கும் கூடுதலாக எவ்வளவு என்பதைத் தனி ஃபீல்டாக வைத்தேன், அது ஆளுக்கு ஆள் மாறும்.

அடுத்தது தேதி. நம் கல் சூளையில் வேகிற கல் இல்லையே. கண்ணாடி மேல் சாயத்தை ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டு அமுக்கி, தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்துத்தான் கொடுக்க முடியும். அவசரத்தில் யாராவது ஊறப்போட்ட தேதிக்கு முந்திய தேதியை டெலிவரிக்கு எழுதினால் சேமிக்க விடாமல் ஒரு வேலிடேஷன் ரூல் போட்டேன். இந்த மழையில் அந்த ஒரு விதி எவ்வளவு வம்பைத் தடுக்கும் என்று பட்டறையில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

ஒன்றை மட்டும் கவனமாகக் கற்றுக்கொள். ஆர்டரையும் அதிலுள்ள கற்களையும் மாஸ்டர்-டீட்டெயில் என்று இணைத்தால், ஆர்டரை அழிக்கும்போது கற்களும் சேர்ந்து அழியும். ரீசைக்கிள் பின்னில் 15 நாள் இருக்கும், அவ்வளவுதான். வாடிக்கையாளரையும் ஆர்டரையும் நான், ஒன்றை அழித்தால் மற்றதும் சேர்ந்து அழியாத லுக்கப்பாகத்தான் இணைத்தேன்.

சரி, வேலைக்கு வருகிறேன். பேட்ஜைக் காட்டி மட்டும் யாரும் வேலை வாங்கிவிட முடியாது. நூறு பேட்ஜும் 50,000 புள்ளியும் சேர்த்தால் ரேஞ்சர் என்பார்கள். விடைகளை எங்கேயோ பார்த்து அடித்துச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் சேர்த்தால், எதிரே இருப்பவர் 'லுக்கப் எதற்கு வைத்தாய்?' என்று கேட்டதும் வாய் அடைத்துப்போகும். அதைச் செய்யாதே. பத்து பேட்ஜ் போதும், ஒவ்வொன்றையும் நீயே உட்கார்ந்து முட்டி மோதி வாங்கு. அப்புறம் சூப்பர்பேட்ஜ் ஒன்றை எடு. அதில் படிப்படியாகச் சொல்லித்தர மாட்டார்கள், ஒரு கம்பெனிக்கு இன்னது வேண்டும் என்று மட்டும் எழுதியிருக்கும். என் முதல் சூப்பர்பேட்ஜுக்கு மூன்று வாரம் ஆயிற்று. இருபது வருடம் துணிக்கடையில் வாடிக்கையாளரைச் சமாளித்தவள் நீ. கம்பெனிக்கு என்ன வேண்டும் என்பதை என்னைவிட நீ சீக்கிரம் புரிந்துகொள்வாய்.

இந்த வாரமே ஒரு கணக்கைத் திற. பிளேகிரவுண்ட் ஒன்றே ஒன்று வைத்துக்கொள், அதற்குக் கொடுக்கும் யூசர்நேமை ஒரு தாளில் எழுதி வை. சிவப்பு எழுத்து வந்தால் ராத்திரி பத்து மணிக்குக்கூடக் கூப்பிடு. அம்மா சீப்புச் சீடை சுடச் சொல்லியிருக்கிறாள், தீபாவளிக்கு வரும்போது லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு வா.

உன் பழைய பெஞ்சுத் தோழி