புல்தரையில் கோரை ஏன் மண்டுகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலம் முடிந்ததும் குடியிருப்பு வளாகங்களிலும் பூங்காக்களிலும் புல்தரைக்குக் களைக்கொல்லி அடிக்கும் வேலை தொடங்கிவிடுகிறது. அடித்த சில வாரங்களில் அதே களை அதே இடத்தில் தலைகாட்டுவதையும், அதற்கென்று மறுபடி மருந்து வாங்கப்படுவதையும் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். அந்த இடத்து மண்ணில் என்ன கோளாறு என்பதைக் களையே காட்டிக்கொடுக்கிறது. அதைக் கவனிக்காமல் செடியை மட்டும் அழிப்பதால்தான் இந்தச் செலவு தீருவதில்லை என்பதைச் சொல்லவே இக்கடிதம்.

சென்னையில் நான் வசிக்கும் வளாகத்தில், புல்தரையின் ஒரு மூலையில் மட்டும் கோரை மண்டிக்கிடந்தது. தோட்டக்காரர் பிடுங்கப் பிடுங்கக் கூடுதலாகவே முளைத்தது. கோரைக் கிழங்குகள் மண்ணுக்குள் சங்கிலிபோலத் தொடுத்திருப்பதால், மேலே இழுக்கும்போது அந்தத் தொடுப்பு அறுந்து, அதுவரை உறங்கிக்கிடந்த கிழங்குகளும் தனித்தனியே முளைவிடுகின்றன. ஒருநாள் அங்கே கடப்பாரையால் தோண்டிப் பார்த்தோம். நான்கு விரல் ஆழத்துக்குச் செம்மண் இருந்தது. அதற்குக் கீழே, கட்டடம் கட்டியபோது கொட்டிய சிமென்ட் கலவையும் செங்கல் துண்டுகளும் பாறைபோல் இறுகியிருந்தன. நாள்தோறும் பாய்ச்சிய தண்ணீர் இறங்க வழியின்றித் தேங்கியதில், கையில் அள்ளிய மண் சாக்கடை வாடை அடித்தது. காற்றில்லாத அந்த ஈரத்தில் புல்லின் வேர் அழுக, கோரை செழித்துவிட்டது. கோரை வறண்ட நிலத்திலும் வரும் என்பது உண்மைதான். ஆனால் தரை முழுவதும் பரவாமல் ஒரே இடத்தில் திட்டாக மண்டினால், அங்கே தண்ணீர் நிற்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். இடிபாட்டை அள்ளிவிட்டு, மணல் கலந்த மண்ணும் மட்கிய எருவும் நிரப்பி, மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விட்டோம். கோரை அடியோடு போய்விடவில்லை. ஆனால் நிழலைத் தாங்காத அந்தக் களையை மூடி வளரும் அளவுக்கு அருகம்புல் வலுப்பெற்றுவிட்டது.

ஆட்கள் குறுக்கே நடக்கும் தடத்தில், கேழ்வரகுக் கதிர்போல விரல் விரித்துக் கதிர்விடும் புல்லும், தரையோடு படுத்து வெட்டும் இயந்திரத்துக்குத் தப்பிவிடும் அம்மான் பச்சரிசியும் வந்தால், மண் மிதிபட்டு இறுகிவிட்டது என்று பொருள். நனைந்திருக்கும்போதே ஒரு ஸ்குரூடிரைவரைக் குத்திப் பார்த்தால், விரல் நீளம்கூட இறங்காது. மெலிந்து வெளுத்த புல்லுக்கிடையே சிறுபுள்ளடி என்ற படரும் களை பச்சைப்பசேலென்று பரவினால், தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். வேர் முடிச்சுகளின் வழியாகக் காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பெறுவதால் அதற்கு அந்தக் குறை தெரிவதில்லை.

மேல்நாட்டுத் தோட்டக் குறிப்புகளை அப்படியே பின்பற்றுவோருக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். புளியாரை வந்தால் மண் அமிலத்தன்மை உடையது, சுண்ணாம்பு போடுங்கள் என்று அவற்றில் சொல்லப்படுவதுண்டு. நீலகிரியின் அமில மண்ணுக்கு அது பொருந்தக்கூடும். சிமென்ட் இடிபாடு கலந்த சென்னை வளாக மண்ணோ பெரும்பாலும் காரத்தன்மை கொண்டது. அதில் மேலும் சுண்ணாம்பு போட்டால் வேர் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் புல் மஞ்சளித்துப்போகும். இங்கும் புளியாரை தாராளமாக வளர்கிறது என்பதே, ஒரு செடியை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது என்பதற்குப் போதுமான சான்று. களை ஐயத்தை எழுப்பும். அதை உறுதிசெய்ய, கார அமிலநிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம் (மண்ணில் மட்கிய பொருள் எவ்வளவு என்பதைக் காட்டுவது) ஆகியவற்றுக்காவது மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

கிளைபோசேட் என்ற களைக்கொல்லி மருந்தைப் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்வோர் வழியாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. குழந்தைகள் வெறுங்காலோடு விளையாடும் தரையில் எந்த மருந்தும் கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே, பூங்காப் பராமரிப்பு ஒப்பந்தங்களில், மருந்து அடிப்பதற்கு முன் எந்தக் களை எந்த இடத்தில் வளர்ந்துள்ளது என்று குறித்துக்கொள்வதையும், அந்த இடத்தைத் தோண்டிப் பார்த்து மண் பரிசோதனை செய்வதையும் கட்டாய நிபந்தனையாகச் சேர்க்குமாறு உள்ளாட்சி அமைப்புகளையும் குடியிருப்போர் நலச் சங்கங்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சென்னை.