ஒரு கதிரையும் ஓர் அறிவுறுத்தலும்: மாவட்டச் சுகாதார அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

கடந்த மாரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு, 38.6 பாகை காய்ச்சலுடன் உங்கள் பொறுப்பிலுள்ள வைத்தியசாலையொன்றின் வெளிநோயாளர் பிரிவுக்கு வந்தேன். காய்ச்சல் 38 பாகையைத் தாண்டினால் ஒரு மணித்தியாலத்துக்குள் நுண்ணுயிர்க்கொல்லி ஏற்றவேண்டும் என்று, என்னைப் பார்க்கும் நிபுணர் கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் சிவப்பு மையால் எழுதியிருக்கிறார். அதை நீட்டினேன். துண்டு தருபவர் கொப்பியைத் திறக்காமலே, "எண்பத்தேழு, வாங்கில இருங்கோ" என்றார்.

எனக்கு வந்திருப்பது வால்டன்ஸ்ட்ரோம் நோய். 1944 இல் சுவீடன் வைத்தியர் யான் வால்டன்ஸ்ட்ரோம் விவரித்த இந்த இரத்தப் புற்றுநோய், மேலைநாட்டுக் கணக்கில் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறத்தாழ மூவருக்கே வரும். துண்டு தருபவருக்கு அது தெரிந்திருக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெயரைத் தடக்காமல் சொல்ல எனக்கே ஆறு மாதம் பிடித்தது. ஆனால் நோய் பாதியும் ரிட்டுக்சிமாப் மருந்து மீதியுமாக எதிர்ப்புச் சக்தியைக் கரைத்துவிட்ட, தடுப்பூசிகூடச் சரிவரப் பிடிக்காத உடம்புக்கு அந்த வாங்கு எத்தகைய இடம் என்பது உங்களுக்குத் தெரியும்.

இடப்பக்கத்தில் ஒரு சிறுவன் இருமிக்கொண்டிருந்தான். கீழே விழுந்த என் துண்டை, அவன் மூக்கைத் துடைத்த கையாலேயே தாய் எடுத்துத் தந்தார். நல்ல மனம், வேண்டாமென்று எப்படிச் சொல்வது? வலப்பக்கத்து அம்மாவோ என்ன வருத்தம் என்று கேட்டு, புற்றுநோய் என்றதும் சேலையை ஒதுக்கிக்கொண்டு தள்ளி இருந்தார். அது தொற்றாது என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். அன்று எனக்குக் கிடைத்த தனிமைப்படுத்தல் அந்த ஒன்றரை அடி மட்டுமே.

ஊசி ஏறியபோது மணி பன்னிரண்டே கால். அதன்பின் ஒன்பது நாள் விடுதியில் கிடந்தேன்.

நான் கேட்பது புதுக் கட்டடம் அன்று. எதிர்ப்புச் சக்தி குன்றியவர் காய்ச்சலுடன் வந்தால் துண்டின்றி நேரே வைத்தியரிடம் அனுப்பவேண்டும் என்ற எழுத்துமூல அறிவுறுத்தல் ஒன்று, காற்றோட்டமான விறாந்தையில் தனியாக ஒரு கதிரை. இரண்டுந்தான். மருந்துக்காக மாங்குளம் சந்தியில் இரவு பஸ்ஸுக்கு நின்று மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்வருவதை வன்னியில் யாரும் குறையாகவே சொல்வதில்லை, அது பழகிவிட்டது. திறப்புவிழாவுக்கு வரும் பிரமுகர்களுக்கு நாற்பது கதிரைகளை வெள்ளைத்துணி போர்த்தி அடுக்கத் தெரிந்த நிருவாகத்துக்கு, நாற்பத்தோராவது கதிரை எங்கே இருக்கிறது என்று தெரியாமலா இருக்கும்?

கடிந்து எழுதியிருந்தால் பொறுத்தருளவேண்டும். அடுத்த மாதம் எனக்கு மீண்டும் மருந்தேற்றவிருக்கிறார்கள். மூன்றாம் வாரத்தில் வெண்குருதிக்கலங்கள் இறங்கும். அதற்குமுன் அந்த அறிவுறுத்தலை வெளியிட்டு, அந்தக் கதிரையையும் போட்டுவிடும்படி மிகப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
எண்பத்தேழாம் இலக்க நோயாளி