புத்தக மேசையடியில் நின்ற அக்காவுக்கு நன்றி

திருகோணமலையில் நூலகப் பழம் புத்தக விற்பனையில், கேட்டவர்களுக்கெல்லாம் பொறுமையாய்ச் சொல்லித் தந்த பெயர் தெரியாத அக்காவுக்கு நன்றி. “அட்டையைப் பார்த்து வாங்காதேங்கோ, முதுகை விரிச்சுப் பாருங்கோ” என்றது பொன்னான பேச்சு.

தைத்த புத்தகங்கள் பெரும்பாலும் 16 பக்கப் படிவங்களாய் (ஒரு பெரிய தாளை மடித்த கட்டு) கட்டியவை. கழன்றால் படிவமாகவே போகும். 16, 32, 48 என்று பக்க எண்ணைத் தட்டிப் பார்த்தால் எது குறைகிறதென்று பிடிபடும். சிறுவர் புத்தகத்தில் வில்லங்கம் நடுவில் குத்திய கம்பிதான்: கடற்காற்றில் துருவேறி நடுத்தாளைத் தின்றுவிடும். பூஞ்சண வாடை அடித்தால் சும்மா தந்தாலும் வேண்டாம், மாரியில் அலுமாரி முழுக்கப் பரவும்.

பூச்சி ஓட்டையா? பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி ஃப்ரீசரில் 2 கிழமை. வெளியே எடுத்தபின் ஒரு நாள் பையைப் பிரிக்கக் கூடாது, தாளில் ஈரம் கோத்துவிடும். இந்தக் கடைசி விசயம் பலருக்குத் தெரியாது.