சிதம்பரமும் சந்திரசேகரனும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மகளுக்குக் கோவையில் வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. செய்தித்தாளை மறுபடி யார் உதவியும் இல்லாமல் வாசிக்கிறார்.

சரி, என்ன படிக்கிறாய் என்று கேட்டிருந்தாய். பூமணியின் 'வெக்கை'யை முடித்து சில நாளாகிறது, இன்னும் அதை விட்டு வெளியே வர முடியவில்லை. 1982இல் வந்த நாவல். 'அசுரன்' படத்தின் மூலக்கதை என்று உனக்குத் தெரிந்திருக்கும். படத்தை மறந்துவிட்டுப் படி. படத்தில் எல்லாம் அப்பாவைச் சுற்றி நடக்கிறது. நாவலில் நாம் பதினைந்து வயது சிதம்பரத்தோடு நடக்கிறோம்.

தொடக்கத்திலேயே கொலை முடிந்துவிடுகிறது. அண்ணனைக் கொன்ற வடக்கூரானின் கையை மட்டும் வெட்டிப் போட வேண்டும் என்றுதான் பையன் நினைத்திருந்தான். ஆள் செத்தே போகிறான். அப்புறம் புத்தகம் முழுக்க ஐயாவும் மகனும் ஒளிந்து திரிகிறார்கள். கடைசியில் கோர்ட்டில் சரணடையக் கிளம்புகிறார்கள். கதை அவ்வளவுதான். ஆனால் அந்தத் திரிதலில் எத்தனை விஷயம்! எங்கே படுப்பது, தண்ணீருக்கு எந்தப் பக்கம் போவது, எதைப் பறித்து எதைப் பொங்கித் தின்பது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார் பூமணி. மகனை உட்காரவைத்து நியாயம் பேசுகிற அப்பா இல்லை சிதம்பரத்தின் ஐயா. கிடைத்ததைச் சமைத்து முதலில் அவன் வயிற்றை நிரப்பப் பார்க்கிறார். கொலை செய்துவிட்டு வந்த பிள்ளைக்கும் பசிக்கும் என்பது அவருக்குத் தெரியும். அந்த இடங்களில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மூத்தவன் செத்தபோது எந்தச் சட்டமும் அந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இன்று அதே சட்டத்துக்கு இளையவனைத் தேட நேரம் இருக்கிறது. பூமணி இதைக் குரல் உயர்த்திச் சொல்லவே இல்லை, அதனாலேயே கோபம் நமக்கு வருகிறது.

இதை முடித்த கையோடு அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு'. 1977இல் வந்தது. கரிசல் காட்டிலிருந்து நேரே 1948இன் செகந்திராபாத். ரயில்வே ஊழியரின் மகன் சந்திரசேகரன். கிரிக்கெட், கல்லூரி, சிநேகிதர்கள் என்று போகிற வாழ்க்கைக்குள் ஐதராபாத் நிஜாமுக்காக ஆயுதம் ஏந்திய ரஜாக்கர்களும் அகதிகளும் ஊரடங்கும் மெல்ல நுழைகின்றன. செப்டம்பரில் இந்திய ராணுவம் வந்து நிஜாம் ஆட்சி முடிகிறது, கலவரம் திசை மாறி முஸ்லிம்கள் மேல் பாய்கிறது. கடைசியில் அவன் ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் போய் நிற்கிறான். குடும்பமே நடுங்குகிறது. அவர்களைக் காப்பாற்ற, ஒரு சிறு பெண் முன்னால் வந்து உடையைக் களைகிறாள். அவன் யாரையும் தொடவில்லை, மிரட்டவில்லை. அவன் அங்கே நிற்பதே அவளுக்குப் போதுமானதாக இருக்கிறது. குமட்டிக்கொண்டு ஓடுகிறான். நானும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தேன்.

இரண்டையும் அடுத்தடுத்துப் படித்ததில் ஒன்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. சிதம்பரம் தன் கையால் ஒரு உயிரை எடுத்தவன், ஆனாலும் கடைசி வரை நம் மனதில் குழந்தையாகவே இருக்கிறான். சந்திரசேகரன் ஒன்றுமே செய்யாதவன். ஆனால் அந்த வீட்டிலிருந்து அவனால் பழைய பையனாகத் திரும்பிப் போக முடியாது. நீ என்ன சொல்வாய்? சந்திரசேகரன் மேல் நான் கொஞ்சம் கடுமையாக இருக்கிறேனோ?

வட்டார வழக்கு ஓடாது என்று நீ 'வெக்கை'யைத் தள்ளிப்போடுவாய், தெரியும். பத்துப் பக்கம் பொறுத்துக்கொள், காது பழகிவிடும்.

உன்னிடம் பூமணியின் முதல் நாவல் 'பிறகு' இருக்கிறதல்லவா? பொங்கலுக்கு வரும்போது எடுத்து வா. சாகித்ய அகாதெமி வாங்கிய 'அஞ்ஞாடி' என் அலமாரியில் இருக்கிறது, ஆயிரம் பக்கத்துக்கு மேல். அதை நான் தொடுவதற்கு முன்னால் நீ வேண்டுமானால் கொண்டுபோ. வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்