ஞாயிறு ஆம்ப்ளிஃபயர் வகுப்பு: பெற்றோர் கவனத்துக்கு

வணக்கம். வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு நம் சங்க அறையில் பிள்ளைகள் சின்ன ஆம்ப்ளிஃபயர் செய்கிறார்கள்.

1. கொண்டுவர வேண்டியவை: எல்எம்386 ஐசி (ஒலியைப் பெருக்கும் சின்ன சிப்), 8 ஓம் ஸ்பீக்கர், 10 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல், 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்), பிரெட்போர்டு (பாகங்களைச் செருகி இணைக்கும் பலகை), ஒயர். எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும்.

2. 9 வோல்ட் பேட்டரி மட்டும். அடாப்டர் வேண்டாம். பழைய டிவி, வால்வு ரேடியோவைப் பாகத்துக்காகப் பிரிக்கவே விடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர் ஷாக் அடிக்கும். எனக்கு இதில்தான் பயம்.

3. கெப்பாசிட்டரில் கோடு போட்ட பக்கம் மைனஸ். மாற்றிப் போட்டால் வெடிக்கலாம்.

4. சால்டரிங் (ஈயம் உருக்கிப் பற்றவைப்பது) பெரியவர் பக்கத்தில் இருந்தால்தான். சால்டர் கம்பி ஈயம் கலந்தது, கை கழுவிவிட்டு அப்புறம் சாப்பாடு.

வருகிறவர்கள் வெள்ளி இரவுக்குள் பிள்ளையின் பெயரைப் போடுங்கள். சனிக்கிழமை கடைக்குப் போகிறேன், பாகம் வேண்டுமென்றாலும் சொல்லுங்கள்.