அன்பியம் தெருவுக்கு வரட்டும்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரப் பங்குப் பேரவையினருக்கும் அன்பியப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்.

அன்புடையீர், வணக்கம்.

ஒரு பங்கில் இருபது முப்பது கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்தது ஓர் அன்பியம். மாதம் ஒருமுறை ஒரு வீட்டில் ஜெபமாலை, வேதவாசகம், காணிக்கை, சுண்டல் என்று கூட்டம் முடிந்துவிடுகிறது. அதே தெருவில், பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, பெரிய வீட்டின் வளவில் தனியே கிடக்கும் ஆச்சிக்கு மாத்திரை வாங்கித் தருவது யார் என்ற பேச்சே எழுவதில்லை. 1693-இல் புனித அருளானந்தர் மறைசாட்சியாக உயிர்விட்ட ஓரியூருக்குப் பாதயாத்திரை என்றால் எத்தனை வண்டி, எத்தனை குடம் தண்ணீர் என்று கணக்கிடத் தெரிந்தவர்கள் நாம். அந்தத் திறமை தெருவுக்கும் வேண்டும்.

ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் அன்பியக் கூட்டத்தை எல்லாச் சமயத்தாரும் சேரும் தெருக்கூட்டமாக வையுங்கள். வீட்டிலோ தேவாலய வளாகத்திலோ வைத்தால் பிற சமயத்தார் தயங்குவார்கள்; சில வீட்டுப் படியேறச் சாதியும் தடுக்கும். ஊருணிப் படித்துறையே சரியான இடம். ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.

முதல் வேலையாக ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாயைத் தூர்வாருங்கள். ஆவணிக்குள் முடித்தால் ஐப்பசி மழையில் பலன் கண்ணுக்குத் தெரியும். ஊராட்சியிடமோ நகராட்சியிடமோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வெட்டிய மண்ணை டிராக்டரில் வெளியே கொண்டுபோனால் வழக்கு வரும். அதற்காக விளிம்பிலேயே குவித்தால் முதல் மழையில் உள்ளே சரியும். மூன்றடி தள்ளிப் போடுங்கள்.

பெரும்பாலும் கெடுவது மட்டத்தில்தான். ஆள் கூடும் இடத்தில் ஆழமாகவும் ஆளில்லாத இடத்தில் மேலோட்டமாகவும் வெட்டிவிடுவார்கள். பள்ளத்தில் தண்ணீர் நின்று கொசுதான் மிஞ்சும், ஊருணிக்கு ஒரு சொட்டும் வராது. ஐம்பதடிக்கு ஒரு முளைக்குச்சி அடித்து, கொத்தனாரின் டியூப் லெவலால் (தண்ணீர் நிரப்பிய நீளக் குழாய்) மட்டம் பாருங்கள். குழாய்க்குள் காற்றுக் குமிழி இருந்தால் மட்டம் பொய்யாகும். தண்ணீரை மெல்ல ஊற்றி, குமிழி வெளியேறும்வரை குழாயைத் தட்டுங்கள். கால்வாயில் சாக்கடையை விட்டிருக்கும் வீட்டாரிடம் மண்வெட்டி எடுக்குமுன்பே பேசிவிடுங்கள்.

தெரு வேலைக்குச் சேரும் பணத்தை அன்பியக் காணிக்கையோடு கலக்கவே கூடாது. மூவர் பெயரில் வங்கிக் கணக்கு, அதில் இருவர் கையெழுத்து, ஒருவர் கட்டாயம் பிற சமயத்தவர். வரவு செலவை மாதந்தோறும் படித்துறையில் ஒட்டுங்கள். 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி 7 பேர் இருந்தால் தெருச் சங்கமாகப் பதிவு செய்யலாம். ஆனாலும் முதல் ஆண்டிலேயே ஓடாதீர்கள். ஆண்டுதோறும் மாவட்டப் பதிவாளரிடம் கணக்குத் தாக்கல் செய்ய ஆளில்லாமல் பல சங்கங்கள் பெயரளவில் நிற்கின்றன.

பங்குத்தந்தை மாற்றலாகிப் போனதும் எல்லாம் நின்றுபோவதுதான் வழக்கம். ஆகவே தெருச் சங்கத்தின் தலைவர் குருவல்லாத பொதுநிலையினராகவும் செயலர் வேறு சமயத்தவராகவும் இருக்கட்டும். இரண்டாண்டுக்கு மேல் ஒருவரே வேண்டாம்.

தனியே இருக்கும் முதியவர்களுக்கு ஒரு நோட்டு போதும்: சாவி யாரிடம், மருத்துவர் யார், பிள்ளையின் எண் என்ன, இந்த வாரம் எட்டிப் பார்க்கும் வீடு எது.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் எந்த ஊருணி, எந்த ஞாயிறு என்ற இரண்டையும் முடிவு செய்து எழுதிவையுங்கள்.

இப்படிக்கு,
அன்பியங்களிலும் தெருச் சங்கங்களிலும் உழைக்கும் சிலர்,
செட்டிநாடு